முதலில் கழுவுங்கள், பிறகு அளவுங்கள்

அம்மாவுக்குச் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் பார்த்திருப்பீர்கள்தானே? சலத்தில் (சிறுநீரில்) புற்றுநோயைக் காட்டும் குறிப்பானைத் தேடும் மின்வேதி உணரி அதற்குத் தூரத்துச் சொந்தம். கார்பன் மின்வாயின் (எலெக்ட்ரோடின்) மேல், குறிப்பானைப் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரி இருக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கூடும் என்எம்பி22 புரதம் அதில் வந்து ஒட்டினால், மின்னோட்டத்துக்காக நாம் கரைசலில் இடும் பெரிசயனைட்டு மின்வாயை நெருங்க வழி குறையும், மின்னோட்டம் இறங்கும்.

மின்வாயின் கார்பொக்சில் கூட்டங்களை இடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வேதிப்பொருள்களை இட்டுத் தூண்டிவிட்டு, பிறபொருளெதிரித் துளியை வைத்து, 4 பாகை செல்சியசில் இரவு முழுக்க விடுங்கள். மூடிய பெட்ரிக் கிண்ணத்தில் ஈரத் திசுத்தாளும் வையுங்கள். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில், மேசையில் வைத்த துளி நான் தேநீர் குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். கரண்ட் போனால் மீன்காரரிடம் வாங்கிய ஐஸ்தான் கைகொடுத்தது. காலையில் 1 சதவீத மாட்டுச் சீரம் அல்புமின் புரதத்தால் மின்வாயில் எஞ்சிய வெற்றிடங்களை அடைத்துவிடுங்கள்.

நான் வழுக்கியது இதற்குப் பிறகுதான். என் சலத்திலேயே பெரிசயனைட்டைக் கலந்து நேரே அளந்தேன். இறங்க வேண்டிய மின்னோட்டம் ஏறியது! இரண்டு நாள் மண்டை காய்ந்தது. சளிக்குப் போட்ட விட்டமின் சி மாத்திரைதான் காரணம்: அதிலுள்ள அஸ்கோபிக்கமிலம் இலத்திரன் கொடுத்துப் பெரிசயனைட்டைப் பெரோசயனைட்டாகத் தாழ்த்திவிடும். யூரிக்கமிலமோ மாத்திரை போடாமலே எல்லோர் சலத்திலும் உண்டு; அதுவும் மின்வாயில் இலத்திரன் இழந்து ஒட்சியேறி மின்னோட்டம் தரும். போதாததற்கு, சலத்தின் குளோரைட்டு ஆளுக்காள் மாறுவதால் வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு ஒப்பு மின்வாயின் (அளவீட்டுக்கு அடிப்படையாக வைக்கும் மின்வாயின்) மின்னழுத்தமும் நகரும்.

ஆகவே சலத்தை மையநீக்கியில் சுழற்றிக் கசடு நீக்கி, பிஎச் மாறாமல் காக்கும் பிஎச் 7.4 பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் பத்து மடங்கு ஐதாக்கி, குறிப்பான் ஒட்டுவதற்கு மட்டும் மின்வாயில் விடுங்கள். அரை மணி கழித்து நன்றாகக் கழுவி, 5 மில்லிமோலர் பெரி/பெரோசயனைட்டும் 0.1 மோலர் பொட்டாசியம் குளோரைட்டும் உள்ள புதுக் கரைசலில் அளவுங்கள்.

சரி, மின்னோட்டம் இறங்கிவிட்டது. அது குறிப்பானால்தானா? சலத்தின் வேறு புரதங்கள் ஒட்டினாலும் இறங்கும். சம்பந்தமில்லாத பிறபொருளெதிரி பூசிய இன்னொரு மின்வாயைக் கூடவே ஓட்டி, அதன் இறக்கத்தைக் கழியுங்கள். அப்புறம் அதே சலத்தில் தெரிந்த அளவு குறிப்பானைச் சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். தாங்கற்கரைசலில் மட்டும் அளந்து, குறிப்பானின் அளவுக்கும் மின்னோட்டத்துக்கும் வரைந்த அழகான நேர்கோட்டை நான் நம்புவதில்லை.

விடியற்காலைச் சலம் கெட்டி, இரண்டு இளநீர் குடித்தபின் வருவது வெறும் தண்ணி. அதனால் உடல் ஏறக்குறைய ஒரே சீராக வெளியேற்றும் கழிவான கிரியற்றினினையும் அளந்து, வந்த விடையை அதனால் வகுத்தே கொப்பியில் எழுதுங்கள்.