ஸ்டீயரிங் பாக்ஸ் கசிவு: பழைய ஷெவர்லே பிக்கப்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1973 முதல் 1987 வரை அமெரிக்காவில் விற்பனையான ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் பெரும்பாலானவற்றுக்குச் ஸ்டீயரிங் திருப்பத்தை ஆயில் அழுத்தத்தின் துணையோடு முன்சக்கரங்களுக்குக் கடத்தும் சாகினா பவர் ஸ்டீயரிங் பாக்ஸே பொருத்தப்பட்டிருந்தது. உறுதியான அமைப்புதான் என்றாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதன் அடியில் ஆயில் சொட்டாத வண்டியைக் காண்பது அரிது. சொட்டுவதைப் பார்த்தவுடன் சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிட் வாங்கிவந்து மாற்றுபவர்கள், சில மாதங்களிலேயே அதே இடத்தில் மீண்டும் ஈரத்தைக் காண்கிறார்கள். பெரும்பாலும் அது புதிய சீலின் குறை அன்று. பழைய சீல் ஏன் தேய்ந்தது என்பதைப் பார்க்காமல் விட்டதன் விளைவு.

பாக்ஸ் ஈரமாக இருப்பதாலேயே கசிவு அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்வது முதல் தவறு. பம்பிலிருந்தோ ஹோஸ் இணைப்பிலிருந்தோ வடியும் ஆயிலும் கடைசியில் பாக்ஸின் அடிப்பகுதியில்தான் வந்து சேரும். ஆகவே முழுவதையும் டீகிரீசர் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்தியபின், இன்ஜினை ஓடவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும். ஸ்டீயரிங் கம்பி பாக்ஸுக்குள் நுழையும் இடம், பக்கவாட்டு மூடி, முனை மூடி, அடியில் பிட்மன் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து கீழே வெளிவரும் தண்டு) என நான்கு இடங்களில் சீல் இருக்கிறது. முதலில் நனைவது எதுவோ அதுவே காரணம். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை ஒரு முனையில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அப்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டு ஆயில் கொதிப்பேறும்.

கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள் ரப்பரை உப்பவைத்துச் சில காலம் வாய் அடைக்குமே தவிர, சீலின் கிழிந்த உதட்டை, அதாவது தண்டைக் கவ்வும் விளிம்பை, ஒட்டவைக்காது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுவது அதைவிடக் கொடிது. இந்த அமைப்பின் ரப்பர் சீல்கள் அதைத் தாங்காமல் உப்பிச் சிதையும், பிறகு பம்ப், பாக்ஸ் இரண்டையும் பிரிக்க வேண்டிவரும்.

அடிக்கடி கசிவது பிட்மன் ஷாஃப்ட் சீல்தான். அந்த ஷாஃப்டின் முனையில் மாட்டியிருக்கும் பிட்மன் ஆர்மைக் கழற்றச் சுத்தியலால் அடிப்பவர்கள், அந்த அடி உள்ளேயிருக்கும் பற்களுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதற்கென்று புல்லர் என்ற இழுப்புக் கருவி இருக்கிறது. பல உதிரிபாகக் கடைகள் அதை வாடகைக்கே தருகின்றன. சீலைப் பிடித்துவைத்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்தபின் சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஷாஃப்டிலோ சுவரிலோ கீறல் விழும், புதிய சீல் அந்தக் கீறல் வழியே ஒழுகும். கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, இன்ஜினை இயக்கி ஸ்டீயரிங்கை ஒரு கணம் இடப்பக்க முனைவரை திருப்பினால், ஆயிலின் அழுத்தமே சீல்களை வெளியே தள்ளிவிடும்; தொழிற்சாலைக் கையேடே சொல்லும் வழி இது. வெளிவந்தவுடன் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் கேரேஜ் தரை முழுக்க ஆயிலாகும்.

இனி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் ஷாஃப்ட். சீல் உட்காரும் பரப்பை நன்கு துடைத்து விரல் நகத்தால் தடவிப் பார்த்தால், துருக்குழி இருந்தால் நகம் தட்டும். லேசான கறையை மிக நுண்ணிய எமரி தாளால் போக்கலாம். குழி விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது, ஷாஃப்டையே மாற்ற வேண்டும். ஷாஃப்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், நீடில் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை அப்படியே விட்டுச் சீலை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

ஒற்றை உதட்டுச் சீல் முதலிலும் இரட்டை உதட்டுச் சீல் அடுத்தும், ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வாஷருமாகச் செல்ல வேண்டும். ஷாஃப்ட் முனையில் உள்ள பல்வரிகளான ஸ்பிளைன்களின் மேல் டேப் சுற்றாமல் சீலைத் தள்ளினால், அந்தக் கூர்மையான பற்கள் உதட்டை அறுத்துவிடும். பொருத்தி முடித்தபின் பிட்மன் நட்டை ஏறத்தாழ 185 அடி-பவுண்டுக்கு முறுக்க வேண்டும். கைக்கணக்கு இதற்கு உதவாது.

பாக்ஸ் திறந்திருக்கும்போது, ஸ்டீயரிங் ஆட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று மேலுள்ள அட்ஜஸ்டர் திருகை முறுக்குபவர்கள் பலர். ஆட்டம் பெரும்பாலும் பால் ஜாயின்ட், டை ராட், ரப்பர் கப்ளிங் ஆகியவற்றில்தான் இருக்கும். அளவு மீறி முறுக்கினால் நேராகப் போகையில் ஸ்டீயரிங் இறுகி, திருப்பத்துக்குப் பின் தானாகத் திரும்பி வராது. அதேபோல் முனை மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகள் உதிர்ந்துவிடும். அவை கறுப்பும் வெள்ளியுமாக மாறி மாறி அடுக்கப்பட்டவை, கறுப்பு நூலிழை அளவு சிறியது. கலந்துவிட்டால் சரியாக அடுக்குவது பெரும் பாடு.

வேறு ஆண்டின் பாக்ஸை வாங்கி மாட்டுபவர்கள் ஹோஸ் முனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1980 வாக்கில் ஃபிளேர் (குழாய் முனை விரிந்த) இணைப்பிலிருந்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கொண்ட மெட்ரிக் இணைப்புக்கு மாறியதால், ஒன்றை மற்றொன்றில் திணித்தால் மரை கெடும். பாக்ஸைக் கீழே இறக்கும்போது, அது பொருந்தியிருந்த இடத்தில் சேஸிஸில் வெடிப்பு உள்ளதா என்றும் பார்ப்பது நல்லது, குறிப்பாக நான்கு சக்கர இயக்க வண்டிகளில்.

கடைசியில் காற்றை வெளியேற்றும்போது அவசரப்பட்டு இன்ஜினை இயக்கக் கூடாது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இன்ஜின் நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கை மெதுவாக முனைக்கு முனை பலமுறை திருப்பி, ஆயிலை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். ரிசர்வாயரில் நுரை தெரிந்தால் சற்றுநேரம் அப்படியே விட்டு, நுரை அடங்கியபின்தான் இன்ஜினை இயக்க வேண்டும்.