ஒரே சட்டியில் சீஸ் பாஸ்தா: எங்கே கை தவறுகிறது?

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் சிங்கப்பூரில் துணி காயாது, ஜன்னல் திறக்க முடியாது, பள்ளி விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மணிக்கொரு தரம் பசிக்கும். அந்த நாள்களில் எங்கள் புளோக்கில் பல வீடுகளில் சீஸ் மக்கரோனிதான். வெங்காயம் வதக்கி, மக்கரோனி போட்டு, தண்ணீர் விட்டு வேகவைத்து, கடைசியில் சீஸ் சேர்த்தால் ஆயிற்று. கழுவ ஒரு சட்டி, ஒரு கரண்டி. இவ்வளவு எளிய சமையலைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். "அக்கா, சீஸ் திரிதிரியாப் போயிருச்சு." "அடி பிடிச்சிருச்சு." "தட்டுல போட்டதும் களி மாதிரி ஆயிருச்சு."

பாக்கெட்டில் எழுதியிருக்கும் முறையை நம்பி இறங்குவதுதான் முதல் தவறு. அது வடிக்கிற முறை. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் கணக்கு. வெந்ததும் கஞ்சியும் உப்பும் தண்ணீரோடு போய்விடும். ஒரே சட்டி முறையில் எதையும் வடிப்பதில்லை. போட்ட தண்ணீர், இறங்கிய கஞ்சி, சேர்த்த உப்பு எல்லாம் சாப்பிடுகிறவர் தட்டுக்கே வருகிறது. வடித்த சோற்றுக்கும் வெண்பொங்கலுக்கும் நாம் ஒரே மாதிரித் தண்ணீர் வைப்போமா? இது பொங்கல் வகை. கஞ்சிதான் இதில் குழம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தண்ணீரை எடையோடு சேர்த்து அளக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ரைஸ் குக்கரோடு வந்த டம்ளர்தான் அளவு. அரிசிக்கு அது சரி. பாஸ்தா ஒவ்வொன்றும் ஒரு வடிவம். வளைந்த மக்கரோனி டம்ளரில் நெருக்கமாக உட்காரும், திருகு வடிவப் பாஸ்தா இடைவெளி விட்டு நிற்கும். அதே டம்ளரில் எடை வேறாகிவிடும். அதனால் பாக்கெட்டில் உள்ள எடையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். 500 கிராம் பாக்கெட்டில் பாதி என்றால் 250 கிராம், நாலு பேருக்குப் போதும். அதற்கு 700 மில்லிலிட்டர் தண்ணீர் வைத்துத் தொடங்குவேன். பக்கத்தில் ஒரு கப் வெந்நீர் தயாராக இருக்கும். வாய் அகன்ற சட்டியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், ஆழமான சட்டியில் மெல்ல வற்றும். வற்றிவிட்டால் வெந்நீரைச் சிறிது சிறிதாக விடலாம். அதிகமாகிப்போன தண்ணீரை வற்றவைப்பதற்குள் மக்கரோனி குழைந்துவிடும்.

உப்பை அரைத் தேக்கரண்டியில் நிறுத்திக்கொள்ளுங்கள். சீஸில் உப்பு இருக்கிறது, சிக்கன் ஸ்டாக் கட்டி போட்டால் அதிலும் இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்துக் கூட்டுவது எளிது.

சேமியா உப்புமா செய்து பழகிய கை இன்னொரு தவறு செய்யும். தண்ணீர் கொதித்ததும் கொட்டி, ஒரு கிளறு கிளறி, மூடி போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். சேமியா மெலிசு, இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடும். மக்கரோனிக்கு எட்டிலிருந்து பத்து நிமிஷம் வேண்டும். அதிலும் முதல் இரண்டு நிமிஷம்தான் கவனிக்க வேண்டிய நேரம். வெளிப்பக்கத்து மாவு சூடு பட்டதும் பசையாகும். அப்போது கிளறாமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டும், சட்டியின் அடியிலும் ஒட்டும். அடியில் ஒட்டிய அந்தப் பசைதான் பிறகு தீய்ந்துபோகிறது. முதல் இரண்டு நிமிஷம் கரண்டி கையை விட்டுப் போகக் கூடாது. அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு கிளறு போதும், தீ மிதமாக இருக்கட்டும்.

இனி சீஸ். பெரும்பாலான சட்டிகள் கெட்டுப்போவது கடைசி இரண்டு நிமிஷத்தில்தான்.

தளதளவென்று கொதிக்கும்போதே சீஸைக் கொட்டிவிடுகிறோம். உருகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சீஸ் என்பது பாலின் புரதம் பின்னிய வலை. அந்த வலைக்குள் கொழுப்பும் ஈரமும் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. மெல்லிய சூட்டில் வலை தளர்ந்து எல்லாம் சேர்ந்து உருகும். கொதிக்கும் சூட்டில் புரதம் இறுகி, உள்ளே இருப்பதைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நாம் பார்ப்பது என்ன? மேலே மஞ்சள் எண்ணெய் மிதக்கும், கீழே ரப்பர் போன்ற திரி. நாள்பட வைத்துப் பழுத்த செடார், பார்மசான் போன்ற சீஸ் வகைகள் இதில் இன்னும் சுலபமாகப் பிரியும்.

அதனால் முதலில் அடுப்பை அணையுங்கள். கேஸ் அடுப்பும் இண்டக்ஷனும் அணைத்தவுடன் சூடு இறங்கத் தொடங்கும். கண்ணாடித்தட்டு மின்னடுப்பு என்றால் அணைத்த பிறகும் தட்டு கொதித்துக்கொண்டிருக்கும், சட்டியை நகர்த்தி வையுங்கள். குமிழி அடங்க ஒரு நிமிஷம் பொறுங்கள். 120 கிராம் துருவிய சீஸை மூன்று கைப்பிடியாகப் பிரித்து, ஒரு பிடி கரைந்த பிறகு அடுத்த பிடி. கரண்டி ஒரே திசையில் மெல்லச் சுற்றட்டும். முதல் பிடி விழுந்ததும் குழம்பு வெண்மையிலிருந்து வெளிர் மஞ்சளாக மாறும். மூன்றாவது பிடிக்குக் கரண்டியில் பட்டு மாதிரி வழியும். அந்த வழிசலைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

துருவியே விற்கும் சீஸ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அவசரத்துக்கு உதவும். அது ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸ் என்ற தாவர நாரோ தூவியிருப்பார்கள், கொஞ்சம் மணல்மணலாக இருக்கும். கட்டியாக வாங்கித் துருவினால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். பிள்ளைகள் ரொட்டியில் வைக்கும் சீஸ் துண்டு இருக்கிறதே, அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அதில் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் உப்புகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1911இல் தொடங்கிய நுட்பம் அது. 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் என்ற சீஸ் வியாபாரி இதே போன்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். செடாரோடு இரண்டு துண்டு சேர்த்தால் திரியும் பயம் பாதி குறையும். மொஸரெல்லா மட்டும் போட்டால் நூல் நூலாக இழுக்குமே தவிர, குழம்பாகாது. பனீர் உருகவே உருகாது. அமிலம் விட்டுத் திரித்த பால் அப்படித்தான் இருக்கும். பனீர் பிடிக்கும் என்றால் தனியாகப் பொன்னிறமாக வறுத்து மேலே போடுங்கள், அது ஒரு தனி ருசி.

பால் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல். தக்காளி வதக்கிய சட்டியில், கொழுப்பு நீக்கிய பாலை ஆரம்பத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். நான் பயன்படுத்துவது கோப்பிக்கடையில் கோப்பி சி-க்கு ஊற்றுகிற டின் பால், எவாப்பரேட்டட் பால். ஏறக்குறைய 60 விழுக்காடு நீர் நீக்கிய பால் அது, சூட்டுக்கு எளிதில் திரியாது. 250 கிராம் மக்கரோனிக்கு 100 மில்லிலிட்டர், அடுப்பை அணைக்க ஒரு நிமிஷம் முன்பு. டின்னில் 'க்ரீமர்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பாமாயில் சேர்ந்திருக்கும். அதுவும் வேலை செய்யும், பால் மணம்தான் குறையும். டின்னை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். என் தங்கை மகள் ஒரு மழை நாளில் சமைத்துக்கொண்டு போன் செய்தாள். "பெரியம்மா, எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், பாயசம் மாதிரி இனிக்குது." அவள் ஊற்றியது கண்டென்ஸ்டு மில்க். பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை உள்ள பால் அது. சமைத்ததை மீட்க வழியில்லை. பாவம், இரண்டாவது முறை செய்தாள். இப்போது அவள் வீட்டு அலமாரியில் இரண்டு டின்னும் வேறு வேறு தட்டில் இருக்கின்றன.

எலுமிச்சை பிழிய ஆசையா? தட்டில் பிழிந்துகொள்ளுங்கள், சட்டியில் வேண்டாம்.

பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாஸ்தா பொங்கி நுரைக்கும், அந்த நுரை ஆவி போகும் துளையை அடைக்கலாம். எனவே பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். பாலையும் சீஸையும் மூடி போடும் முன் சேர்க்காதீர்கள். பாக்கெட்டில் 8 நிமிஷம் என்றால் குக்கரில் 4 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஆவி முழுவதும் இறங்கிய பிறகே திறக்க வேண்டும்.

விருந்தாளிக்குச் செய்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அசல் இத்தாலிய பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. தாவரத்திலிருந்தோ நுண்ணுயிரிலிருந்தோ எடுத்த ரென்னெட் கொண்ட செடார் கடைகளில் கிடைக்கிறது. முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் சீஸிலும் சாசேஜிலும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மரியாதை.

எப்போது இறக்குவது? வெண்பொங்கலை யாராவது கெட்டியான பிறகு இறக்குவார்களா? ஆறும்போது தானே இறுகும் என்று தெரியும். மக்கரோனியும் அப்படியே. உள்ளே இருக்கும் மாவு தட்டில் வைத்த பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும், சீஸ் ஆற ஆறக் கெட்டியாகும். எனவே கண்ணுக்குக் கொஞ்சம் தளர்வாக, 'இன்னும் வற்றணுமோ' என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஒரு நிமிஷம். ஒரு நொடி நின்று மெல்ல மூடினால் அதுதான் பதம். கோடு அப்படியே நின்றுவிட்டால் இரண்டு கரண்டி வெந்நீர்.

மீந்தால் நம் ஊர் வெக்கையில் மேஜையிலேயே விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போகட்டும். மறுநாள் எடுக்கும்போது கட்டியாக இருக்கும், பயப்பட வேண்டாம். கிண்ணத்துக்கு இரண்டு மேஜைக்கரண்டி பால் விட்டு, மிகச் சிறிய தீயில் கிளறினால் தளர்ந்து வரும். மைக்ரோவேவ் என்றால் சூட்டைப் பாதியாகக் குறைத்து, நடுவில் ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி, மறுபடி வையுங்கள்.