தாத்தா ஊரைத் தேடிப் போகிறீர்களா? முதலில் தோட்டத்தில் தேடுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து வருடா வருடம் தமிழ்நாட்டுக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. மதுரை, பழனி, தஞ்சாவூர் பார்த்து, தியாகராய நகரில் சேலை எடுத்துத் திரும்புவதுதான் முன்பெல்லாம் வழக்கம். இப்போது பலர் வேறொன்று கேட்கிறார்கள். "சென்னையில ஆவணக் காப்பகம் இருக்காமே, அங்க போனா தாத்தா பேரு கிடைக்குமா?" எங்கள் கோயில் திருவிழாவில் மட்டும் போன வருடம் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் முதல் தடவை போனபோது என் கையில் இருந்தது 'திருச்சி ஜில்லா' என்ற இரண்டு சொல் மட்டும். "எந்த தாலுக்கா, எந்த கிராமம்?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. அந்தப் பயணத்தில் கோயில் பார்த்ததோடு சரி. பதில் கிடைத்தது ஊருக்குத் திரும்பிய பிறகு, அதுவும் என் அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில். தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் கிராமம், பெரம்பலூர் தாலுக்கா, திருச்சி ஜில்லா என்று வரிசையாக எழுதியிருந்தது. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. நான் இன்றைய திருச்சி மாவட்டத்து ஊர்ப் பட்டியலை எத்தனை தடவை புரட்டினாலும் எங்கள் ஊர் அதில் அகப்பட்டிருக்காது.

அதனால் டிக்கெட் போடுமுன் ஒரு மாதமாவது, தாத்தா பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டத்திலும் டவுனிலும் தேடுங்கள். கிராமத்தின் பெயர் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்திலும் ஒரு தாளும் நகராது. அந்தப் பெயர் பெரும்பாலும் இங்கே, நம் பக்கத்திலேயே இருக்கிறது.

எங்கே என்றால், முதலில் வீட்டுக்குள். பழைய பாஸ்போர்ட், ஊருக்குப் போய்த் திரும்பி வர எடுத்த பெர்மிட், சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தந்த அடையாள அட்டை), மணியார்டர் ரசீது, ஊரிலிருந்து வந்த நீலக் கடிதங்கள். கடிதத்தில் அனுப்பியவர் முகவரி கிழிந்திருந்தாலும் தபால் முத்திரையைப் பாருங்கள், கிளை அஞ்சலகத்தின் பெயர் தெரிந்தால் சுற்று வட்டாரம் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைகளையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகையில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் பூர்வீக ஊரைப் போடும் பழக்கம் சிலரிடம் இருந்தது. பிறப்புப் பத்திரத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம், பெற்றோர் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருக்கும் பத்திரங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தோட்டத்துக் கோயிலும் இடுகாடும். கோயில் தூணில், மணியில், படியில் 'உபயம்' என்று செதுக்கிய பெயர்களோடு சில இடங்களில் ஊரும் இருக்கும். கல்லறைக் கல்லிலும் அப்படித்தான். பல தோட்டங்கள் இப்போது கித்தா (ரப்பர்) போய் செம்பனையாகிவிட்டன, சில வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. கல் இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போனால், மழுங்கிய எழுத்துகூட நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்காதீர்கள், கல் கெட்டுப்போகும்.

வீட்டில் யாருக்குமே ஊர் தெரியவில்லையா? அதற்கும் ஒரு வழி உண்டு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிகள் ஆள் கட்டியது பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான். ஒரே கங்காணியின் கீழ் வந்தவர்கள் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), அடுத்தடுத்த வீட்டில் இருந்திருப்பார்கள். ஆகவே உங்கள் பாட்டி வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் யார், எந்தக் கங்காணியின் ஆள்கள் என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் அதுவாகவோ, நாலு மைல் தள்ளியோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் என்றால் சொந்தச் செலவில் வந்திருப்பார்கள், கங்காணி கதை பொருந்தாது. அவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும்தான் துப்பு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் (இன்றைய போர்ட் கிள்ளான்) வந்த 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. "ரஜூலாவில் வந்தோம்" என்று மட்டும் சொன்னால் வருடம் பிடிபடாது. கூட வந்தவர் யார், அப்போது எந்தக் குழந்தை கைக்குழந்தை என்று கேளுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். போனை மேசையில் வைத்து, ஒலிப்பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். 'எப்போது' என்ற கேள்விக்கு அவர்களிடம் தேதி இருக்காது. ஜப்பான்காரன் வருமுன்பா, பிறகா? ஜப்பான்காரன் சயாமில் (தாய்லாந்தில்) போட்ட மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தாத்தா இருந்தாரா? 1948இல் இங்கே எல்பில் தோட்டத்தில் துரையை (வெள்ளைக்கார மேலாளரை) சுட்ட பிறகு கம்பிவேலி போட்டார்களே, அப்போது வீடு எங்கே இருந்தது? இப்படிக் கேட்டால் பதில் தானாக வரும். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உள்ள வீட்டில் மட்டும் மெதுவாகக் கேளுங்கள். அங்கே ஒரு பெயர் கிடைத்தாலே போதும்.

இனி ஒரு முக்கியமான விஷயம். தமிழ்நாட்டு ஆவணங்களில் இருப்பது பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்களின் பெயர். நிலவரிக்காக எழுதிய கணக்குகள் அவை. நம் முன்னோர்களில் மிகப் பலருக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. பிறர் நிலத்தில் உழைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பெயர் செட்டில்மெண்ட் பதிவேடு என்ற அந்த நிலவரிக் கணக்கில் இல்லை என்றால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. அப்படிப்பட்ட பலருடைய பெயர் முதன்முதலில் தாளில் ஏறியது தோட்டத்து ஆபீசில், கிராணி (குமாஸ்தா) எழுதிய செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில்தான். ஒரு மனிதன் இன்ன நாளில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தான், இத்தனை நாள் வேலை செய்தான் என்று எழுதிய அந்தப் புத்தகம் நமக்குப் பட்டாவை விடப் பெரியது. ஜப்பான் காலத்திலும், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்திலும் நிறைய அழிந்துவிட்டன. எஞ்சியதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். டவுனுக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவின் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். உங்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். நம்மவர்கள் வாயில் வழங்கிய பெயரும் துரை வைத்த பெயரும் வேறு வேறாக இருக்கும்.

சரி, சென்னைக்கு வருவோம். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இருக்கிறது. 1909இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீசாகத் தொடங்கியது. பயணத்தின் கடைசி நாளில் போகாதீர்கள், முதல் வாரத்திலேயே போங்கள். அனுமதி, தேடல், நகல் எல்லாவற்றுக்கும் நாள் எடுக்கும். பொங்கல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அடுத்தடுத்து விடுமுறை வரும். நீங்கள் யார், எந்தக் கிராமம், எந்த வருடங்களின் எந்தப் பதிவேடு வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம், பாஸ்போர்ட் நகல், இரண்டு பென்சில், ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். 'என் தாத்தாவைத் தேடுகிறேன்' என்று கேட்டால் அங்கே இருப்பவர்களால் உதவ முடியாது. 'இன்ன தாலுக்கா, இன்ன கிராமத்தின் செட்டில்மெண்ட் பதிவேடு' என்று கேட்டால் முடியும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு இருப்பது போல ஆள் ஆளாகப் பெயர் எழுதிய கப்பல் பட்டியலை எதிர்பார்த்துப் போக வேண்டாம். கங்காணி முறையில் வந்தவர்களுக்கு அப்படிக் கிடைப்பது அரிது.

மாவட்டம் பிரிந்த கதையைக் குறித்துக்கொள்ளுங்கள், பதிவேடுகள் பழைய பெயரில்தான் இருக்கும். சேலத்திலிருந்து தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. வட ஆற்காடு 1989இல் வேலூர், திருவண்ணாமலை என்று ஆனது. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது, அந்த விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது.

பதிவு செய்யும் முறையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் பயணத்தில் நான் நாற்பது பக்கம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று பாதிக்கு மேல் எழுதவில்லை. ஒரு பெயரைச் சரிபார்க்க மறுபடி ஒரு விமானச் செலவு ஆனது. ஆகவே பதிவேடு கைக்கு வந்ததும் முதலில் அதன் பெயர், எண், வருடம், அன்றைய தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள், பிறகு உள்ளே போங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் முதலில் அட்டை, அடுத்து தலைப்புப் பக்கம், அதன் பிறகு உங்களுக்கு வேண்டிய பக்கம் முழுவதும், கடைசியில் அந்த ஒரு வரி. வரியை மட்டும் எடுத்தால் மேலே கட்டத்தின் தலைப்பு என்ன என்று பிறகு தெரியாது.

பெயரை எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். முனியாண்டி ஒரு தாளில் முனியன், இன்னொன்றில் முனுசாமி என்று இருப்பார். கிராணி காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், பதிவு அலுவலகத்தில் அதை இன்னொருவர் வேறு மாதிரி எழுதினார். நோட்டில் இடப்பக்கம் தாளில் இருப்பதையும், வலப்பக்கம் நீங்கள் நினைப்பதையும் எழுதினால் இரண்டும் கலக்காது. பழைய தாள்களில் சாதிப் பெயரும் இருக்கும், சில சமயம் இன்று நாம் சொல்லக் கூசும் சொல்லில். உங்கள் பிரதியில் உள்ளபடியே இருக்கட்டும், குடும்ப வாட்சப் குழுவில் போடுமுன் யோசியுங்கள்.

தேதிகளைப் படிக்க ஒரு சிறு பாடம். வருவாய்க் கணக்கில் 'பசலி' என்று இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. பத்திரங்களில் துன்மதி, பிரபவ என்று தமிழ் வருடம் இருந்தால் அது 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். துன்மதி என்பது 1921–22 ஆகலாம், 1981–82 ஆகலாம். அதில் வரும் மற்றப் பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௨௰௧ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது 1921.

அப்புறம் கிராமம். முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அந்தப் பதவி 1980க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் கணக்கு எழுதியவர் பரம்பரைக் கர்ணம், அவர் குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களுக்கு வீட்டு வீடாகத் தெரியும். குலதெய்வம் எது என்று தெரிந்தால் பங்காளிகளைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஆனால் போன உடனே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நிலத்துக்கோ வீட்டுக்கோ வரவில்லை. மலேசியாவிலிருந்து பழைய பட்டா கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், பாகம் கேட்க வந்திருக்கிறாரோ என்று எந்த வீட்டிலும் பயம் வரும், அது நியாயமான பயம். எங்கள் சின்னத் தாத்தா பேரன் முதல் நாள் வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார். தோட்டத்துக் கோயில் படத்தையும் தாத்தாவின் பாஸ்போர்ட்டையும் காட்டி, "பேர் மட்டும் எழுதிக்கிட்டுப் போறேன் அண்ணே" என்று சொன்ன பிறகுதான் பாய் விரித்தார்.

அவர் வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருந்தது. தாத்தா மலாயாவிலிருந்து எழுதிய கடிதங்கள், பணம் அனுப்பிய விவரம், பாட்டியோடு எடுத்துக்கொண்ட ஒரு படம். நம் வீட்டில் இருப்பது ஊரிலிருந்து வந்த பாதி, மறு பாதி அங்கேதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வராதீர்கள், அது அவர்களுடையது. வெளிச்சம் உள்ள திண்ணையில் வைத்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தை மறக்க வேண்டாம். எங்கள் படத்தின் பின்னால் ஈப்போவில் இருந்த ஸ்டூடியோவின் முத்திரை, கீழே தாத்தாவின் கையெழுத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர், லயத்தின் எண்.