மூலிகைப் பாலிசாக்கரைடு கலந்த இரும்பு மாத்திரை: வாங்கும் முறையும் உட்கொள்ளும் முறையும்

இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வாங்குபவர், அட்டையின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் பொடி எழுத்தில் ‘எலிமெண்டல் அயர்ன்’ (சேர்மத்தின் எடை நீங்கலாக, உள்ளிருக்கும் அசல் இரும்பு) எத்தனை மில்லிகிராம் என்றிருப்பதை முதலில் பார்க்க வேண்டும். 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உள்ள இரும்பு 65 மி.கி. மட்டுமே. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரப்படும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன.

சீன மருத்துவத்தில் இரத்தம் ஊறுவதற்கென்று கொடுக்கப்படும் டாங்குய் வேரை வெந்நீரில் கொதிக்கவைத்து, சாராயம் சேர்த்துப் பிரித்தெடுக்கும் பாலிசாக்கரைடை (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புடன் காரநிலையில் சேர்த்தால், இரும்பைச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய செம்பழுப்புப் பொருள் கிடைக்கிறது. தனித்த இரும்பு அயனி குறைவாக இருப்பதால் குமட்டலும் வயிற்றெரிச்சலும் குறையக்கூடும். ஆனால் இம்மூலிகைக் கூட்டுப்பொருள்களுக்கான சான்றுகள் பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனைகளே. மூலிகையின் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. (சேலத்து ஜவ்வரிசியின் மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், அதற்காக அது இரத்தத்தை ஊறவைத்துவிடாது.) மூலிகை சேராத பாலிசாக்கரைடு இரும்பையும் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் 80 குழந்தைகளிடம் 12 வாரம் ஒப்பிட்டு 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃபெரஸ் சல்ஃபேட் பெற்றவர்களுக்கே ஹீமோகுளோபின் அதிகம் ஏறியது. ஆகவே, விலை மலிந்த அந்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதபோது மட்டும் பாலிசாக்கரைடு வகையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் டாங்குய் சேர்ந்த எதையும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாத்திரை தொடங்கும் முன் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிட வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்பு தேவையில்லாமல் சேர்ந்துவிடும்.

ஏற்காட்டுக் காபியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் காபியிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொள்வதால், மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்தே டம்ளரைத் தொட வேண்டும். ஃபெரஸ் மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குவது நல்லது. மலம் கறுப்பது இயல்பு. குழந்தைகள் அளவுக்கு மீறி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அட்டையைப் பூட்டி வைக்க வேண்டும்.

நான்கு வாரத்தில் மீண்டும் இரத்தம் பார்த்து, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஒரு கிராமாவது ஏறவில்லையெனில், மாத்திரையை மாற்றுமுன் அதிக மாதவிடாய்ப் போக்கையும், தோட்டங்களில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழுவையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஏறியிருந்தால், ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும்.