ராமர் பச்சையும் ஒரு மஞ்சப்பையும்: மார்பக அறுவை சிகிச்சையைத் தோழிகளோடு கடப்பது எப்படி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்களா? முதல் வேலையாகத் தோழிகளில் நாலைந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "எது வேணும்னாலும் கேளுடி" என்பார்கள், மனசாரத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று நமக்கே தெரியாது. அதனால் ஆளுக்கொரு வேலையை நீங்களே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது, சென்னை மந்தைவெளியில் என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு ஒருத்தி வரட்டும். நம் வீடுகளில் "அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கண்ணைக் காட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. பாசம்தான், ஆனால் உடம்பு நம்முடையது. எனக்கு வந்தவள் என் ஆபீஸ் தோழி, கணக்குப் பிரிவு. ஒரு கேள்வியையும் விடமாட்டாள். கட்டியை மட்டும் எடுப்பதா, முழு மார்பையும் எடுப்பதா? நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் நெறிக்கட்டி எத்தனை எடுப்பார்கள்? பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 (எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் சோதனைகள்) என்ன? ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், முழுதாக எடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இது தெரியாமலேயே "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று பதறுகிறவர்கள் நிறைய. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று டாக்டர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் அன்றே எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரிப் பையில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இருக்க வேண்டும். ரங்கநாதன் தெருவில் குவிந்து கிடக்கிறது. தலைவழியாகப் போடும் எதையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள், கை தூக்க வராது. வளையல், மெட்டி, மூக்குத்தி எல்லாம் முதல் நாளே கழற்றிவிடுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இருந்தால் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். குட்டித் தலையணை ஒன்றும் வேண்டும். அது எதற்கென்று சொல்கிறேன்.

நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கச் சில இடங்களில் நீலச் சாயம் ஊசியில் போடுவார்கள். அது உடம்பை விட்டுப் போகும்வரை ஓரிரு நாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாக வரும். பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு அப்படி வந்தபோது பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்ற பள்ளித் தோழி கேட்டாள்: "என்ன கலர்டி?"

"ராமர் பச்சை."

"பார்டர் வச்சிருக்கா?"

சிரித்த சிரிப்பில் தையல் சுரீரென்று இழுத்தது. தலையணை அதற்குத்தான். சிரிப்பு வந்தாலும் இருமல் வந்தாலும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அது தேவைப்படும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேலி பேச எல்லாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். பழத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது, ஜாலியா இரு" என்பவர் வேறு. காயத்திலிருந்து டிரெயின் குழாயில் வடியும் நீரை முகம் சுளிக்காமல் அளந்து ஊற்றுகிறவள் வேறு. அவள் அடிக்கும் கேலி வலிக்காது. முதல் கேலியை நோயாளியே தொடங்கட்டும், தோழிகள் அதற்குப் பின்னால் வரட்டும். அழுகை வந்தால் அந்த நேரத்தில் யாரும் சிரிக்க வைக்க முயல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

டிரெயின் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. காயத்துக்குள் சேரும் நீர் ஒரு குழாய் வழியாக வெளியே தொங்கும் டப்பாவில் வடியும். வீட்டுக்கு வந்த பிறகும் கூடவே இருக்கும். எப்படிக் காலி செய்வது, எப்படி அழுத்தி மூடுவது என்று நர்ஸிடம் ஒருத்தி செய்து பார்த்தே கற்றுக்கொள்ளட்டும். கை கழுவி, தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சிவப்பாகத் தொடங்கி வெளிர் மஞ்சளுக்கு மாறுவது நல்லது. டப்பா திடீரென்று ரத்தமாக நிரம்பினாலோ, காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டாலோ, காயம் வீங்கிச் சீழ் வைத்தாலோ காலைவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். அந்த டப்பாவைத் தொங்கவிட மாடி வீட்டு அக்கா ஒரு மஞ்சப்பைக்கு நீளப் பட்டை வைத்து, பழைய பட்டுப்புடவையின் ஜரிகையைத் தைத்துக் கொடுத்தார். "எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்ட?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்தேன்.

சாப்பாட்டுக்குக் கிழமை வாரியாக ஆள் போடுங்கள். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும், அதனால் ஸ்வீட் டப்பாவைவிடக் கீரைக் கூட்டும் பப்பாளியும்தான் வேண்டும். வாசலுக்கும் ஒருத்தி வேண்டும். "எங்க ஒண்ணுவிட்ட அத்தைக்கும் இப்படித்தான்..." என்று யார் தொடங்கினாலும், காபியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றும் சாமர்த்தியம் உள்ளவளாகப் பாருங்கள்.

தண்ணீர்க் குடம், கேன், கிரைண்டர் கல் எதையும் டாக்டர் சொல்லும்வரை தூக்காதீர்கள். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் தோழி பென்சிலால் கோடு போடட்டும். நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ வந்தால் அந்தக் கை வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கண்ணாடி முன் நிற்கும் நாளை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் அக்காவை அறைக்குள் வரச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்று நாங்கள் இருவரும் கேலி எதுவும் பேசவில்லை.

ஆபரேஷனில் எடுத்ததைப் பரிசோதித்து முழு ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். என் கணிப்பில் ஆபரேஷனைவிடக் கடினமான காலம் அதுதான். மாலைகளை வெறுமையாக விடாதீர்கள். நடக்க முடிந்தால் பெசன்ட் நகர் கடற்கரைக்கு யாராவது கூட்டிப் போகட்டும். ரிப்போர்ட் வந்ததும் நோட்டுக்காரி மறுபடி கூட வரட்டும். ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டியிருக்கும். திங்கள் யார், செவ்வாய் யார் என்று அன்றே கேட்டுப் பெயரை எழுதிவிடுங்கள்.