'பாம்பன்' என்பதை மறுத்த படிவம்

பாம்பனில் ஒரு மீனவர் சங்கத்துக்காக நான் எழுதிய இணையப் படிவம், 'பாம்பன்' என்ற ஊர்ப்பெயரையே 'எழுத்துகளை மட்டும் இடவும்' என்று கூறி மறுத்தது. ஆங்கிலத்தில் இட்டால் ஏற்றுக்கொண்ட அது, தமிழில் இட்டவரைத் திருப்பி அனுப்பியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இட்ட உரையைச் சரிபார்க்கும் வடிவ விதியான ரெஜெக்ஸில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) 'எழுத்து' வகையை மட்டுமே அனுமதித்திருந்தேன். நம் கண்ணுக்கு 4 எழுத்தாகத் தெரியும் 'பாம்பன்' கணினிக்கு 7 குறியீடுகள். அவற்றுள் ப, ம, ப, ன ஆகியவையே எழுத்து வகை, துணைக்காலும் இரண்டு புள்ளிகளும் 'குறி' என்னும் வேறு வகை என்பதால், இரண்டாம் குறியீட்டிலேயே சோதனை தோற்றது.

குறி வகையைச் சேர்த்தேன். தலைப்பெழுத்துக்குப் பின்வரும் முற்றுப்புள்ளிக்கும் இடைவெளிக்கும் இடமளித்தேன். உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் ரெஜெக்ஸில், 'எழுத்து', 'குறி' என ஒருங்குறி வகைகளைச் சுட்டும் வசதி 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் உண்டு. ரெஜெக்ஸின் முடிவில் 'யூ' (u) அல்லது 'வி' (v) என்னும் ஃபிளாக் எழுத்தைச் சேர்க்காவிட்டால் அது இயங்குவதில்லை. தமிழுக்குரிய ஒருங்குறித் தொகுதி முழுவதையும் அனுமதிப்பது எளிதெனினும், தமிழ் எண்களும் ரூபாய்க் குறியும் அதில் அடங்குவதால் பெயருக்கு அது பொருந்தாது.

தொண்டி, கீழக்கரை, 'ஃபாத்திமா' எல்லாவற்றையும் இட்டுப் பார்த்தேன், யாவும் ஏற்கப்பட்டன. உலாவியில் நடக்கும் சோதனையை எவரும் தாண்டிவிடலாம் என்பதால், அதே விதியைச் சர்வரிலும் எழுதினேன்.