முதல் நாடகம் போடப் போகிறீர்களா? ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று முதலில் பாருங்கள்

ஊர்க் கொடைக்கோ (கோயில் திருவிழாவைத்தான் நெல்லைப் பக்கம் கொடை என்போம்) பள்ளி ஆண்டு விழாவுக்கோ இருபது நிமிட நாடகம் போட வேண்டும், ஆனால் இதுவரை மேடையே ஏறியதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கதையில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்து மாட்டிக்கொண்டேன்.

வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடை. பள்ளிக்கூட மேடையில் ஒத்திகை பார்த்த நாடகத்தை அப்படியே கொண்டுபோனோம். அங்கே மேடையே இல்லை. பந்தலுக்கு நடுவில் கொஞ்சம் தரையை விட்டிருந்தார்கள், மூன்று பக்கமும் சனம். நாங்கள் பழகியபடி ஒரே பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். திண்ணையில் இருந்த ஆச்சி ஒருத்தி பொறுக்க முடியாமல், "ஏலே, எங்க பக்கமும் கொஞ்சம் மூஞ்சியக் காட்டுங்கலே" என்றாள். அன்றைக்குக் கைதட்டல் விழுந்தது அந்த ஒரு வசனத்துக்குத்தான்.

1. மேடை எது?

ஒரு பக்கம் மட்டும் ஆட்கள், முன்னால் திரை, இரண்டு ஓரமும் மறைப்பு: பள்ளிக்கூட மேடை இப்படித்தான் இருக்கும். படச்சட்டத்துக்குள் பார்ப்பது போன்றது என்பதால் படச்சட்ட மேடை என்பார்கள். சீன் மாற்றவும் ஆளை ஒளித்துவைக்கவும் வசதி.

மூன்று பக்கம் ஆட்கள் இருந்தால் முன்நீண்ட மேடை. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த லண்டன் குளோப் அரங்கம் இந்த வகை. எங்கள் கொடைப் பந்தலும் இதேதான், எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. இதில் யாரும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. நாலைந்து வசனத்துக்கு ஒருமுறை ஏதாவது காரணம் வைத்து நகர வேண்டும்.

சுற்றிலும் ஆட்கள் என்றால் வட்ட அரங்கு. எப்படித் திரும்பினாலும் யாருக்காவது முதுகு தெரியும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். உயரமான சாமான் மட்டும் வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். தெருமுனையில் போடுகிறீர்கள் என்றால் முதல் இரண்டு நிமிடத்தில் ஆளை நிறுத்தியாக வேண்டும். ஒரு பறையோ தகர டின்னோ போதும்.

நம் பக்கத்து வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். வில்லுப்பாட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. எல்லாமே குரலிலும் முகத்திலும்தான். கணியான் கூத்தில் மகுடம் என்ற பறை ஒலிக்க, பெண் வேடம் கட்டியவர்கள் இடத்தை வளைத்து ஆடுவார்கள். இரண்டும் ஒரே கொடையில் நடக்கும், ஆனால் இடத்தைக் கையாளும் விதம் நேர் எதிர்.

2. தரையில் கோடு போடுங்கள்

கோலப்பொடியால் நடிக்கும் இடத்தை மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். வலது, இடது என்பதெல்லாம் ஆட்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. இதை முதல் நாளே சொல்லிவிடாவிட்டால் ஒத்திகையில் முட்டிக்கொள்வார்கள். முக்கியமான பேச்சை முன் நடுக் கட்டத்துக்கு வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வைத்தால் அந்த இடத்துக்கு மதிப்பு போய்விடும்.

3. கதை

ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ தடுக்கிறது. இவ்வளவு இருந்தால் நாடகம் தொடங்கிவிடும். அம்பாசமுத்திரம் பக்கத்து வாய்க்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிசானப் பருவத்து நெல், கதிர் வாங்கும் நேரம். தம்பிக்குக் கடைமடை வயல். மேலே அண்ணன் மடையை அடைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

முதல் நான்கு நிமிடத்தில் இது எல்லோருக்கும் புரிந்துவிட வேண்டும். அப்புறம் சிக்கல் ஏற வேண்டும்: தம்பி ஆள் விட்டுக் கேட்கிறான், நடக்கவில்லை, தானே போகிறான், பழைய பாகப்பிரிவினைப் பேச்சு கிளம்புகிறது, இரவில் மண்வெட்டியோடு வருகிறான். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஆபத்தாக இருக்க வேண்டும். மண்வெட்டியை ஓங்கும்போது பார்த்தால் மடை ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. திறந்தது மதினி, அண்ணன் பெண்டாட்டி. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

தொடக்கம், நடு, முடிவு என்ற பிரிவு அரிஸ்டாட்டில் சொன்னது. அதையே அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்தாக்கி 1863-இல் விளக்கியவர் குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர். இருபது நிமிட நாடகத்தில் ஐந்தையும் அளந்து வைக்கத் தேவையில்லை. ஏற்றம்தான் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

4. நடிப்பு

தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கண்ணாடி முன் நின்று கோப முகம், சோக முகம் என்று பழகுகிறார்கள். அது பாத்திரம் பேசும்போது முகமூடி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வசனத்துக்கும் "இதைச் சொல்லி எதிராளியை என்ன செய்யப் பார்க்கிறேன்?" என்று கேளுங்கள். தம்பி அண்ணனிடம் வந்து, "சாப்பிட்டியா அண்ணே?" என்கிறான். அவனுக்கு வேண்டியது தண்ணீர். கேட்க ரோஷம் விடவில்லை. அதனால் சாப்பாட்டைக் கேட்கிறான். இதைப் புரிந்துகொண்டு பேசினால் முகம் தானாக வரும். அழ வேண்டிய இடத்தில் அழுகையை அடக்கப் பாருங்கள். பார்ப்பவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

குரலில் ஒரு சங்கதி. தமிழில் வினை கடைசியில் வருகிறது. தருகிறானா மாட்டானா என்பதே வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு தீர்ந்துபோய் அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் விழுங்குகிறார்கள். "தண்ணி தர..." வரை கேட்டால் பின்வரிசைக்காரர் என்ன முடிவுக்கு வருவார்? கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் பிடியுங்கள்.

நெல்லைப் பேச்சிலேயே பேசலாம், பேச வேண்டும். ஆனால் சினிமாவைப் பார்த்து வாக்கியத்துக்கு ஒரு "ஏலே" போடாதீர்கள். நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

5. ஒத்திகை

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடிப்பார்கள். பாடம் அவ்வளவு மனப்பாடம். நமக்கு அந்தத் தைரியம் வேண்டாம். பத்து ஒத்திகையாவது பாருங்கள், அதில் கடைசி இரண்டு நாடகம் நடக்கும் இடத்திலேயே, அதே நேரத்தில் நடக்கட்டும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கும் காற்றில் மைக்கில் சூறாவளிதான் கேட்கும். மைக் தலையில் பஞ்சு உறை மாட்டுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

விளக்கையும் அன்றைக்கே பாருங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு, கோல் என்ற பழைய அளவில், ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. பந்தல் கால்களுக்கும் அதே கணக்குதான். ஒரு ஆளை முன் நடுக் கட்டத்தில் நிறுத்தி, மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்து பாருங்கள். எங்கிருந்தாவது அவர் முகத்தில் கம்பு நிழல் விழுந்தால் விளக்கை நகர்த்துங்கள்.